பாதியில் பிடுங்கிய வாக்கியங்கள்

கயிற்றை அவிழ்த்துவிடுங்கள் என்று, நர்சிங் டிகிரியோடு வேலைக்கு வந்த முதல் நாளே அவள் கேட்டாள். அதை மட்டும் எந்த வீட்டிலும் கேட்டுத் தொலைக்காதே என்று ஏஜென்சிக்காரி படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். அந்த வீட்டுக்காரருடைய தம்பிக்கு நாற்பது வயது, பேச்சு மெதுவாக வரும், கால் தரையில் படாது. கூரையில் தலை இடிக்காமலிருக்க இடுப்பில் கயிறு போட்டுக் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். "நாங்க நல்லாத்தானே பாத்துக்கிறோம்?" என்றாள் அண்ணி. பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள், டிவியைப் பார்ப்பதுபோல.

குளிக்கவும் சவரம் செய்யவும் உதவிக்கொண்டே கவனித்ததில் ஒரு மழைக்காலத்துக்குள் காரணம் பிடிபட்டது. அவர் "எனக்கு..." என்று ஆரம்பித்தால் "தண்ணி வேணுமா?" என்று அண்ணன் முடிப்பார். "தூக்கம் வருதா கண்ணு?" என்பாள் அண்ணி. அன்பாகத்தான். ஒவ்வொரு தடவையும் அவர் ஒரு விரற்கடை மேலே போனார். அவர்கள் வேலைக்குப் போனதும் அவளே கயிற்றை அவிழ்த்து, வாயை மூடிக்கொண்டு காத்திருந்தாள். சோறு ஆறியது, துவைத்த துணி வாளியிலேயே கிடந்தது. "எனக்கு... ஜன்னல்... பக்கம்... உக்காரணும்" என்று அவர் முடித்தபோது குதிகால் தரையில் தட்டியது. இரண்டு வருடம் பகலெல்லாம் நடந்தார், சாயங்காலம் மிதந்தார்.

ஒருநாள் அண்ணனும் அண்ணியும் சீக்கிரமே வந்துவிட்டார்கள். கயிறு அவிழ்ந்து கிடப்பதைப் பார்த்து அண்ணனுக்கு முகம் கறுத்தது. "இவன் பறந்து போயிட்டா யாரு பதில் சொல்றது? உன் டிகிரியா?"

"அவரையே கேளுங்க சார்."

"எனக்கு..." என்றார் தம்பி.

"பயமா இருக்கு, அதானே?" என்றார் அண்ணன். தம்பி விருட்டென்று எழும்பினார். மேலே மின்விசிறி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அவள் ஒரு கையால் சுவிட்சை அணைத்து, மறு கையால் அவர் கணுக்காலைப் பிடித்துத் தொங்கினாள். "சார், கொஞ்சம் வாய மூடுங்க!"

அப்படியொரு அமைதி அந்த வீட்டில் அதுவரை இருந்ததில்லை. "எனக்கு... இங்க... வேணாம்" என்றார், முழங்கால் உயரத்துக்கு இறங்கினார். "இவங்க... வீட்டுக்கு... போறேன்." பாதம் தரையில் பட்டது.

அவள் தன் வீட்டு முன்னறையில் கட்டில் போட்டு, அம்மாவிடமும் சொல்லிவைத்து ஒரு வாரமாகியிருந்தது. அவர் வாயால் வரட்டும் என்றுதான் அவள் பொறுத்திருந்தாள். வெளியே கூரை கிடையாது. வழியில் எந்த முந்திரிக்கொட்டையாவது அவர் பேச்சை முடித்துவைத்தால் நேரே வானம்தான். "உன்னால ஆகாதுடி!" என்று அண்ணி கத்தினாள். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள்.

தெருமுனையில் டாக்சிக்காரர் எங்கே போகணும் என்று கேட்டார். அவள் சொல்லவில்லை. "நாங்க..." என்று தம்பி ஆரம்பித்தார். டாக்சிக்காரர் வாயைத் திறந்தார், அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டு, எஞ்சினை அணைத்தார்.