ஏழாவது தோட்டாவுக்கு நான்கு சாட்சிகள்

1

அன்று சுடுதளத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். ஃபெர்மின் லார்ரேகி, வயது எழுபத்தொன்று; துப்பாக்கி அவர் கையில். அவருடைய மகள் நேலிதா. வெந்நீர்க் குடுவையுடன் பெஞ்சில் உட்கார்ந்து எல்லோருக்கும் மாத்தே என்னும் இலைத் தேநீரை ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். சுடுதளக் காவலர் பாவ்திலியோ. நான்காவது ஆள் ஃபெர்மினின் அண்ணன் ஓவிதியோ, தூரநோக்கியுடன். வேறு யாரும் இல்லை. வேலிக்கு அப்பால் நின்று எல்லாவற்றையும் பார்த்ததாகச் சொல்லித் திரியும் இருவர் அன்று ஊரிலேயே இல்லை.

ஓவிதியோ நான்தான். இதை எழுதுவதும் நான்தான். எழுதச் சொன்னது தம்பி.

"முப்பது வருஷம் கோர்ட்ல அடுத்தவன் சொன்னத எழுதினவன் நீ. எனக்கும் எழுதிக் குடு அண்ணே. படிச்சுக் காட்டு. எனக்கு நெனப்பு ஒரு இடத்துல அறுந்துபோகுது."

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு படித்துக் காட்டுவதாக ஒப்புக்கொண்டேன். இன்று வெள்ளி. இதற்கு முன் மூன்று தொடக்கங்கள் எழுதிக் கிழித்தேன். மூன்றிலும் 'நான்' என்ற சொல் வந்தவுடன் கை நின்றுவிட்டது. எனவே ஓவிதியோவை இனி 'அவர்' என்றே எழுதப்போகிறேன். மரியாதைக்காக அல்ல. அவரைச் சற்றுத் தள்ளி நிற்கவைத்தால்தான் என்னால் பார்க்க முடிகிறது.

2

துப்பாக்கி ராணுவம் கழித்துப்போட்டது. நாற்பத்தைந்து காலிபர், ஃபெர்மினைவிட வயதில் மூத்தது. பல ஆண்டுகள் கிரீஸுக்குள் கிடந்ததை அவர் ஒரு வாரம் சுடுநீரிலும் மண்ணெண்ணெயிலும் ஊறவைத்துத் துடைத்தெடுத்தார். தோட்டாக்களும் ராணுவத்தினுடையவை. அடியில் 1953 என்று பொறித்திருந்தது. சிலவற்றின் விளிம்பில் பச்சை பூத்திருந்தது.

அந்தச் சுடுதளக் கிளப்பில் பழைய ராணுவத் தோட்டாவைச் சோதிக்க ஒரு முறை உண்டு. ஒவ்வொன்றாகத்தான் போடுவார்கள். ஒருவர் சுடுவார், இன்னொருவர் தூரநோக்கியில் தாளைப் பார்ப்பார். பார்ப்பவர் "பட்டது" என்று உரக்கச் சொல்லும்வரை அடுத்த தோட்டா உள்ளே போகாது. காரணம் எளியது. மருந்து கெட்ட தோட்டா சில சமயம் குண்டைக் குழலின் பாதிவரை தள்ளிவிட்டு நின்றுவிடும். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும். "பட்டது" என்ற சொல்லுக்கு அங்கே சத்தியத்தின் மதிப்பு.

[இந்த முறையைக் கொண்டுவந்தவர் எங்கள் அப்பா. கிளப்பின் வாசலில், பித்தளைத் தகட்டில், வெற்றி பெற்றவர்களின் வரிசையில் பதினொரு இடத்தில் லார்ரேகி என்ற பெயர் இருக்கிறது. நான்கு இடத்தில் அது என் பெயர். "லார்ரேகி கண்ணு" என்று இந்த ஊரில் ஒரு பேச்சே உண்டு. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. இல்லை, பெருமைக்காகத்தான் சொல்கிறேன். இது புரியாவிட்டால் இனி வருவது புரியாது.]

3

ஜூலை மாதம், எங்கள் பக்கத்தில் குளிர்காலம், மேகமூட்டம். முதல் ஆறும் ஒழுங்காகப் போயின. ஆறு முறையும் ஓவிதியோ "பட்டது" என்றார். இடையிடையே கிண்டல் நடந்தது. போன வாரம் சாலையில் நின்ற மாட்டைப் பார்த்து, யாரோ டிராக்டரை நடுவழியில் விட்டுப் போயிருக்கிறான் என்று அண்ணன் திட்டிய கதையை ஃபெர்மின் காவலருக்குச் சொன்னார். பாவ்திலியோ மரியாதைக்குச் சிரிப்பை அடக்கினார். நேலிதா அடக்கவில்லை.

"பெரியப்பா, அந்த டிராக்டர் பால் குடுத்துச்சா?"

ஓவிதியோ சிரிக்கவில்லை.

ஏழாவது தோட்டா வெடித்தது. சத்தம் சிறியது, அட்டைப்பெட்டி கீழே விழுந்தது போல. பாவ்திலியோ உடனே கையை உயர்த்தினார்.

"ஃபெர்மின் ஐயா, இது சரியில்ல. குழலுக்குள்ள கம்பிய விட்டு ஒரு தடவ பாத்துரலாம்."

"ராணுவத்துச் சரக்குப்பா. இதுவும் சம்பளத்துக்குத் தக்கபடிதான் வேல செய்யும்," என்றார் ஃபெர்மின். பிறகு அண்ணன் பக்கம் திரும்பினார். "அண்ணே, பட்டுச்சா?"

இங்கேதான் எனக்குக் கை நிற்கிறது. எழுதிப் பாதியில் விட்டவற்றை அடிக்காமல் வைக்கிறேன்.

[ஓவிதியோ தூரநோக்கியை உயர்த்தினார். தாளில் ஏழு துளைகள் தெளிவாக]

[சரியாக அந்த நேரம் பார்த்துக் கண்ணில் வெயில்]

வெயில் இல்லை. மேகமூட்டம் என்று நானே மேலே எழுதியிருக்கிறேன்.

[காற்றில் தாள் அசைந்ததால் ஒரு நிழலைத் துளையென்று எண்ணி]

காற்றும் இல்லை.

சரி. ஓவிதியோவின் இரண்டு கண்ணிலும் புரை. இரண்டு வருடமாக. மருத்துவர் சொன்னதை அவர் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. தூரநோக்கியில் அவருக்குத் தெரிந்தது பால் கலந்த வெண்மை மட்டும். முந்தைய ஆறு "பட்டது"களையும் அவர் சத்தத்தை வைத்துத்தான் சொன்னார். ஏழாவது சத்தம் சிறியது என்பது அவர் காதுக்கும் கேட்டது. ஆனால் மூன்று பேர் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாட்டைப் பற்றிய சிரிப்பு இன்னும் அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தது.

"பட்டது," என்றார்.

பாவ்திலியோ கையை இறக்கினார். லார்ரேகி சொன்ன பிறகு அந்தச் சுடுதளத்தில் யாரும் கம்பியைத் தேடமாட்டார்கள். ஃபெர்மின் எட்டாவதைப் போட்டார்.

4

ஃபெர்மினின் வலது கண் அன்றே போயிற்று. இடது கண் இரண்டு மாதத்தில் மங்கி அதுவும் போயிற்று. ஒரு கண் கிழிந்தால் உடம்பு சில சமயம் மற்றக் கண்ணையும் பகையாக நினைத்துத் தாக்கும் என்றார்கள் மருத்துவமனையில். அது எனக்கு இன்றுவரை புரியவில்லை.

தம்பி இப்போது என் வீட்டில் இருக்கிறான். என் கண்களுக்குச் சென்ற மார்ச்சில் அறுவை செய்தார்கள். மிக நன்றாகத் தெரிகிறது. அவன் முகத்தில் ஒவ்வொரு தழும்பும் தெரிகிறது.

கிளப்பின் நிர்வாகக் குழுவுக்குக் குடும்பத்தின் சார்பில் ஒரு கடிதம் போயிற்று. காவலர் பாவ்திலியோ தன் கொட்டகையின் ஈரத்தில் வைத்திருந்த தோட்டாக்களைக் கொடுத்துவிட்டார் என்று அதில் இருந்தது. கையெழுத்து ஓவிதியோ லார்ரேகி. [மறுபடி 'அவர்' பின்னால் ஒளிகிறேன். கையெழுத்து என்னுடையது.] பாவ்திலியோ சாவிக்கொத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனார். இப்போது நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு தானியக் கிடங்கின் வாசலில் நிற்கிறார்.

நேலிதா என்னிடம் எதுவும் கேட்டதில்லை. ஆனால் அன்றிலிருந்து எனக்கு மாத்தே ஊற்றித் தருவதில்லை. குடுவையை என் பக்கம் தள்ளிவைக்கிறாள்.

தம்பி மட்டும் கேட்கிறான். ஞாயிறுதோறும், ரவியோலித் தட்டைத் தடவிக்கொண்டே.

"அண்ணே, நீ 'நிறுத்து'ன்னு கத்தினியோ? நான்தான் காதுல வாங்காம சுட்டுட்டேனோ? அப்படித்தான் இருக்கணும். உன் பேச்ச நான் என்னைக்குக் கேட்டிருக்கேன்?"

"சாப்பிடு, ஆறிப்போகுது," என்பேன்.

நீதிமன்றத்தில் எத்தனையோ பொய்ச் சாட்சிகளை நிமிர்ந்த எழுத்தில் எழுதியிருக்கிறேன். அவர்களில் யாரும் தன்னால் குருடான தம்பிக்கு ரொட்டி பிட்டுக் கொடுத்துக்கொண்டு பொய் சொன்னதில்லை.

5

முடிவுகள்.

ஒன்று: ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் படிக்கிறேன். அவன் "போகட்டும் அண்ணே" என்கிறான். இதை எழுதி அடித்துவிட்டேன். அவன் மன்னிப்பை நான் எழுதிக்கொள்ள முடியாது.

இரண்டு: கேட்டுவிட்டு எழுந்து, சுவரைத் தடவியபடி வாசலுக்குப் போகிறான். அதற்கு மேல் எழுத வரவில்லை. வாசலில் மூன்று படிகள்.

மூன்று: படிக்கிறேன். மூன்றாம் பகுதி வந்ததும் ஒரு பக்கத்தைத் தள்ளிவிட்டு, அடுத்ததைப் பிசிறில்லாமல் தொடர்கிறேன். அவனுக்குத் தாள் தெரியாது. என் குரல் நடுங்காது. அதற்கு நான் பழகியவன். நடக்கப்போவது இதுதான் என்று நினைக்கிறேன். என்னை எனக்குத் தெரியும்.

ஆகவே முடிவு என்னிடம் இல்லை. இந்தத் தாள்கள் உங்கள் கையில் இருக்கின்றன என்றால், என் மேசையிலிருந்து யாரோ எடுத்திருக்கிறார்கள். ஃபெர்மின் உயிரோடு இருந்தால், உரக்கப் படித்துக் காட்டுங்கள். எந்தப் பக்கத்தையும் தள்ள வேண்டாம். நான் பக்கத்தில் இருந்து நிறுத்தச் சொன்னாலும் படியுங்கள்.

இன்னும் ஒன்று. அந்தத் தோட்டாக்கள் பாவ்திலியோவின் கொட்டகையிலிருந்து வந்தவை என்று ஊரில் இப்போதும் சொல்கிறார்கள். அப்படி இல்லை. அவை இருபது வருடம் என் துணி அலமாரியில், குளிர்காலக் கோட்டுகளுக்கு அடியில் இருந்தவை. பெட்டியைச் சுடுதளத்துக்குக் கொண்டுபோனவன் நான்.