இரத்தம் வராத கசெற்

கர்ர்ர்ர்... சுவரிலிருந்த பஸர் அலறியது, அன்ரனெற்றின் கையிலிருந்த தேத்தண்ணி சிந்தியது, மக்டலீன் மச்சாள் கீழே வந்துவிட்டாள், கதவு திறக்கும் பொத்தானை அழுத்தியாயிற்று, லிப்ற் பதினாலாம் மாடிக்கு ஏறிவர எவ்வளவு நேரம் பிடிக்கும், அதற்குள் பிள்ளைக்குச் சொல்லிவிட வேண்டும்... அப்பா இறந்து மூன்று வருடம் என்று. நாளைக்கு நினைவுப் பூசையில் அப்பா அன்புராசாவின் பெயரை ஃபாதர் வாசிப்பார், ஒன்பது வயது நடாஷா பக்கத்தில் நின்று கேட்பாள். "இனியும் மூடி வைச்சியெண்டா, அப்பா ஒஷாவா பக்டரியில கார் செய்யிறார் எண்டு நினைக்கப்போறாளடி" என்று மச்சாள் போனில் ஏசியது சரிதானே? "அப்பா போட்டார்" என்றுதான் அன்ரனெற் சொல்லி வைத்திருந்தாள். போட்டார், போய்விட்டார்... என்ன வசதியான சொல், கடைக்குப் போனவரும் போட்டார், மன்னார்க் கடலில் துவக்குச் சூடுபட்டு விழுந்தவரும் போட்டார்.

ரீவிக்கு முன்னால் நடாஷா வீடியோ கேம் கசெற்றைப் போட்டு விளையாடிக்கொண்டிருந்தாள். திரையில் வாள்காரன் ஒருவன் வெட்டினான், வெட்டுப்பட்டவனிடமிருந்து சாம்பல் நிறத்தில் துளிகள் தெறித்தன, பிறகு புகையாகி மறைந்துபோனான். "உதென்ன பிள்ளை?" "வேர்வை அம்மா. என்ர சினேகிதி பிரதீபா வீட்டு ஜப்பான் கசெற்றில உது ரத்தம், நல்ல சிவப்பு. இஞ்ச விக்கிறதில மாத்திப்போட்டினம். கல்லறையில சிலுவையும் இல்லை. சின்னப்பிள்ளையள் பயப்பிடுவினமாம்!" பிள்ளை சிரித்தாள். யார் அந்த ஆள், எங்கோ ஒரு கசெற் கொம்பனிக் கந்தோரில் ஈரத்துணியோடு இருந்து ஒவ்வொரு துளியாய்ச் சிவப்பைத் துடைக்கிறவன், கல்லுக் கல்லாய்ப் போய்ச் சிலுவையைப் பிடுங்குகிறவன், அவனுக்கும் வீட்டில் ஒரு மகள் இருந்தாளோ... வெளியே வெக்ஸ்போர்ட் கூரைகளின்மேல் பனி மெல்ல மெல்ல இறங்கியது, அதையும் யாரோ துடைத்துக்கொண்டிருப்பதுபோல, கடலும் வெள்ளையாய், வள்ளமும் வெள்ளையாய், அன்புராசாவின் சேட்டும் வெள்ளையாய்... தானும் அந்தத் துணியைத்தானே பிடித்திருக்கிறாள், அவருடைய படத்தைச் சூட்கேசில் சேலைகளுக்கு அடியில் வைத்தவள், ஒரு துளிகூட மிச்சமில்லாமல் துடைத்தாளா?

லிப்ற் மணி கேட்டது. மச்சாளின் பூட்ஸ் சத்தம் நடையில் நெருங்கியது. அன்ரனெற் மகளுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தாள். "பிள்ளை, அப்பா..." நடாஷா விளையாட்டை நிறுத்தினாள், தாயின் முகத்தைப் பார்த்தாள், பிறகு சின்னப்பிள்ளைக்குச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னாள்:

"அப்பா செத்திட்டார் எண்டு போன வருசமே ஸ்கூலில நிரப்பின போமில இங்கிலிஷில எழுதினனான் அம்மா... தமிழில சொன்னா நீங்கள் அழுவீங்கள்."