வைகாசியில் உறைந்த நைல்

1986 தை மாதம், மொன்ட்ரியால் பார்க் எக்ஸ்டென்ஷனில் யோகமலர் குடியிருந்த வாடகை வீட்டின் முன்னறைச் சுவரில், பாறையொன்றில் குந்தியிருக்கும் ஒரு பெண் தோன்றினாள். நெற்றிக்கு மேலே இரண்டு சின்னக் கொம்புகள். எதிரே வாளோடு ஒரு காவல்காரன், கண் கொட்டாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த வாரம் கொட்டிய பனியில் பஸ் ஓடவில்லை, கத்தரிக்காயும் விலை ஏறியிருந்தது. அவற்றோடு சேர்த்து இதுவும் பேசப்பட்டது. குழாய் திருத்த வந்த வீட்டுக்கார இத்தாலியன் சுவரைப் பார்த்துவிட்டு, தான் பிறந்தது பொம்பெயிக்குப் பக்கத்து ஊர் என்றும், அங்கே இசிஸ் என்ற தெய்வத்தின் பழைய கோயிலில் உரோமர் காலத்தில் தீட்டிய படம் இது என்றும் அரைகுறைப் பிரெஞ்சில் சொன்னான். பெண்ணின் பெயர் இயோ. தன்மேல் ஆசைப்பட்ட ஒரு தேவனின் மனைவிக்கு வந்த பொறாமையால் பசுவாக்கப்பட்டு, நாடு நாடாக ஓடி, கடைசியில் எகிப்தில் இசிஸின் கையைப் பிடித்துக் கரையேறியவள். இந்தச் சுவருக்கு எப்படி வந்தாள் என்று அவன் கேட்கவில்லை. பெயின்ட் அடிக்கும் வேலை மிச்சம் என்று போய்விட்டான்.

யோகமலருக்கு இயோவைத் தெரியாது, முகத்தைத் தெரியும். அது மட்டக்களப்பில் விட்டுவிட்டு வந்த அக்கா கமலாவதியின் முகம். தாய் தகப்பன் போன பிறகு பிறந்த வீடு என்று அவளுக்கு மிஞ்சியது அந்த ஒருத்திதான். மாசியில் சுவரிலிருந்த காவல்காரன் தூங்கி விழுந்தான். அதே கிழமை, சோதனைச் சாவடிகளைத் தாண்டிக் கொழும்புக்கு வந்துவிட்டதாக அக்கா தொலைபேசியில் சொன்னாள். பங்குனியில் பாறை மறைந்து சுவரெங்கும் நீர் பரந்தது. நைல் நதியே ஒரு மனிதனாகி அவளைத் தோளில் சுமந்து நடக்க, அக்கரையில் ஒரு தெய்வம் கை நீட்டியபடி அமர்ந்திருந்தது. கனடாவுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்டோடு அக்கா விமானம் ஏறிவிட்டாள், எந்த நாட்டில் இறங்கினாள் என்றுதான் தெரியவில்லை. நதி மனிதன் நாளுக்கு நாள் கரையை நெருங்கினான். சென்ட் லோரன்ட் தையல் தொழிற்சாலையிலிருந்து வந்ததும் யோகமலர் கோட்டைக்கூடக் கழற்றாமல் சுவரைத்தான் பார்ப்பாள்.

தெய்வத்தின் மற்றக் கையில் ஒரு பாம்பு சுற்றியிருந்தது.

"உது எங்கட நாகபூசணியம்மன், பிள்ளை. பாம்பைப் பாருங்கோ," என்றார் மேல்வீட்டு மகேந்திரராசா. அவர் யாழ்ப்பாணம்.

"இல்ல அண்ணன், இது கண்ணகை அம்மன்தான். எனக்குத் தெரியாதா?" என்றாள் யோகமலர்.

கண்ணகை அம்மன் என்று முடிவான பிறகு வைகாசியில் குளிர்த்தி செய்யாமல் இருக்க முடியுமா? அம்மனின் கோபச் சூடு தணிய நீர் தெளித்துப் பாடும் சடங்கு அது. வேப்பிலைக்குப் பதிலாகக் காய்ந்த கறிவேப்பிலை. அம்மன் மனம் நன்றாகக் குளிரட்டும் என்று பிரிட்ஜில் வைத்த மஞ்சள் தண்ணீர். மட்டக்களப்பு வெயிலில் இருப்பவளுக்குச் செய்வதை மொன்ட்ரியால் பனிக்குள் வந்து குந்தியவளுக்குச் செய்யலாமா என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பக்தி மிஞ்சினால் இப்படித்தான். மறுநாள் தெருவில் மரங்கள் துளிர்த்திருக்க, பிள்ளைகள் அரைக்கைச் சட்டையோடு திரிய, சுவரில் நைல் உறைந்து கிடந்தது. நதி மனிதன் இடுப்பளவு பனிக்கட்டியில் மாட்டிக்கொண்டான். அக்காவின் கைக்கும் அம்மனின் கைக்கும் நடுவே ஒரு சாண்.

அதன் பிறகு ஏஜென்ட் தொலைபேசியை எடுக்கவில்லை. அக்காவோடு புறப்பட்டு முன்னால் வந்து சேர்ந்த ஒருவர், மிச்சப்பேர் ஏதோ விமான நிலையத்தில் பிடிபட்டார்கள், திருப்பி அனுப்பப் போகிறார்கள் என்றார். வீட்டுக்காரன் இரக்கப்பட்டு அந்த வெயிலிலும் பாய்லரை எரியவிட்டான். வீட்டிலிருந்தவர்கள் வியர்த்தார்களே தவிரப் பனி அசையவில்லை. என் கையாலேயே அக்காவை நிறுத்திப்போட்டேனே என்று யோகமலர் சோறு தண்ணி இல்லாமல் அழுதாள்.

ஆனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தலைமுழுகிவிட்டு வந்து, அம்மன் மதுரையை எரித்த கதையைப் பாடப்போவதாகச் சொன்னாள். கணவன் ஞானசுந்தரம் பதறிப்போனான். அவர்கள் ஊரில் குளிர்த்தி முடிந்தால் அடுத்த வருடம் வரை அந்தக் கதையை யாரும் வாயில் எடுப்பதில்லை. தணிந்தவளைச் சீண்டக்கூடாது.

"உனக்கென்ன விசரா? வீடு நிக்குமா?"

"எரிஞ்சா வேற வீடு பாப்பம். வேற அக்காவ எங்க போய்ப் பாக்கிற?"

பாடத் தொடங்கினாள். மதுரையின் கோபுரம் பற்றியபோது சுவர் இளஞ்சூடாகியது. கடைத்தெரு பற்றியபோது அம்மனின் முகம் சிவந்தது. பனி வெடித்த சத்தம் மேல்வீடு வரை கேட்டது. திரைச்சீலை கருகி சோபாவில் நெருப்புப் பிடிக்க, நைல் அறைக்குள் இறங்கி அதை அணைத்துவிட்டுப் படிக்கட்டு வழியாகத் தெருவுக்கு ஓடியது. நதி மனிதன் கடைசி அடியை வைத்தான். அம்மனின் கை அக்காவின் மணிக்கட்டை இறுகப் பிடித்தது. பிறகு வெறும் சுவர்தான் இருந்தது.

ஆடியில் கமலாவதி மிராபெல் விமான நிலையத்தில் வந்திறங்கி, அகதி என்று சொல்லி உள்ளே வந்தாள். இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுது முடித்து, வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோதுதான் யோகமலர் அதைக் கண்டாள். அக்காவின் வலது மணிக்கட்டில் ஐந்து விரல் பதிந்த சூட்டுக்காயம்.

"என்னக்கா இது?"

"திருப்பி அனுப்புற வரிசையில நிண்ட நான், மலர். ஒரு பொம்புள வந்து கையப் புடிச்சு வெளிய இழுத்தா. ஆரெண்டு தெரியா. சரியான சூடு, அந்தக் கை."

யோகமலர் எழுந்துபோய்த் தேங்காய் எண்ணெய் எடுத்துவந்து காயத்தில் தடவிவிட்டாள்.