உப்பளத்துக்கு வந்த சிறப்பு விருந்தினர்

பூமிக்குப் பக்கமாக வந்துபோகும் ஒரு சிறுகோளுக்கு விண்கலம் அனுப்பப்போகிறார்கள். போய் இறங்க வேண்டிய கல்லின் அகலமும் வடிவமும் யாருக்கும் சரியாகத் தெரியாது. கண்டுபிடிக்க ஒரு வழி இருந்தது. கல் ஒரு நட்சத்திரத்துக்குக் குறுக்கே போகும்போது நட்சத்திரம் கண நேரம் அணையும். வரிசையாகத் தொலைநோக்கிகளை வைத்து, ஒவ்வொன்றிலும் எவ்வளவு நேரம் அணைந்தது என்று பார்த்தால் கல்லின் உருவம் கிடைத்துவிடும். அதன் நிழல் விழும் பாதை, யாரிடமும் அனுமதி வாங்காமல், முத்தையாபுரத்தில் காசிலிங்கத்தின் உப்பளம் வழியே போனது.

காசிலிங்கம் முன்னாள் கவுன்சிலர். பதவிதான் போயிருந்தது, பொன்னாடை ஆசை போகவில்லை.

அனுமதி வாங்கியிருந்த ஆராய்ச்சியாளர் ஸ்டெபி, அன்று சாயங்காலம் வரப்பில் தொலைநோக்கிகளை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். உப்புக் குவியல்கள் மீதெல்லாம் சீரியல் லைட். நடுவே, 'விண்கல்லே வருக' என்று காசிலிங்கம் கும்பிடும் ஃபிளெக்ஸ்.

"என்ன அண்ணாச்சி இது?"

"நம்ம அளத்துக்கு ஒருத்தரு வாராரு. இருட்டுலயா வரவேக்கது?"

"இவ்வளவு வெளிச்சத்துல நட்சத்திரம் தெரியாது அண்ணாச்சி. இன்னைக்கு விட்டா, விண்கலம் போறதுக்குள்ள வேற வாய்ப்பே கிடையாது."

"அப்ப கல்லை ஒரு அரைமணி நேரம் நிக்கச் சொல்லும்மா. மாலை இன்னும் வரல."

ஸ்டெபி யோசித்தாள். ஏரலில் ஒரு மண்டபத் திறப்பு விழாவில், தான் வருமுன் குத்துவிளக்கு ஏற்றிவிட்டார்கள் என்று இலையில் கை வைக்காமல் திரும்பியவர் இவர்.

"சிறப்பு விருந்தினர் வாரதுக்கு முன்னால லைட்டு போட்டா, அவருக்கு என்ன அண்ணாச்சி மரியாதை?"

காசிலிங்கத்தின் முகம் மாறியது. "ஏலே பெவின், எல்லாத்தையும் அணைல. விருந்தாளி வந்த பொறவு போட்டாப் போதும்."

மைக்செட் பெவின் அணைத்தான். உப்பளம் இருண்டது. ஸ்டெபியின் திரையில் நட்சத்திரம் ஒருமுறை அணைந்து எரிந்தது.

"வந்துட்டுப் போயிட்டாரு," என்றாள்.

விளக்குகள் எரிந்தன. கடைசித் தொலைநோக்கிக்கு நேர் முன்னால், பொன்னாடையை விரித்து வானத்தை மறைத்தபடி காசிலிங்கம் நின்றுகொண்டிருந்தார்.

"அங்கன ஏன் அண்ணாச்சி நிக்கிய?"

"மொத ஆளா போத்தணும்லா. அதுக்குள்ள போயிட்டாரா?"

"அரை நொடிதான்."

"ஒரு சோடா கூடக் குடிக்கல," என்றார் காசிலிங்கம் மரியாதையோடு. "பெரிய ஆளுதான்."

ஸ்டெபி அறிக்கையில் உள்ளதை உள்ளபடி எழுதினாள்: கல்லின் ஒரு பக்கம் தெரியவில்லை, காரணம், உப்பள உரிமையாளர். விண்கலக் குழு கூடிப் பேசி, அந்தப் பக்கம் இறங்குவதில்லை என்று முடிவெடுத்தது.

"உங்களாலதான் விண்கலம் அந்தப் பக்கமே போகப்போறதில்ல," என்று ஸ்டெபி போனில் பொரிந்தாள். காசிலிங்கம் அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். வருந்துகிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுவாரம் முத்தையாபுரத்தில் புது ஃபிளெக்ஸ் எழுந்தது: 'விண்கலத்தையே ஒதுங்கிப் போகவைத்த எங்கள் அண்ணாச்சியே!' ஓரத்தில் அந்தக் கல்லின் படம். அவர் தோளுக்கு இடம் போதாமல், கல்லில் ஒரு பக்கத்தை வெட்டியிருந்தார்கள்.