சென்னிமலை வீடு வலப்பக்கம் சாய்ந்த வருடம்

தனப்பிரியா பள்ளிக்காக எழுதிய இருப்பாய்வுக் கணக்கு முதல் தடவை ஒத்துவராமல் போன அன்று மாலை, அவள் அப்பா சென்னிமலையின் வீடு கோழிக்கொட்டகைப் பக்கமாக ஒரு விரற்கடை சாய்ந்தது. ஆடி மாதம், முட்டை விலை இறங்கியிருந்த நேரம். காற்றடிக்கிற மாதத்தில் ஏதாவது ஒன்று சாயத்தானே செய்யும் என்று ஊரில் விட்டுவிட்டார்கள். முதலில் கண்டவள் தனப்பிரியாவின் அம்மா கலைமணி. சமையலறைக் கதவு தானாகத் திறந்துகொண்டது. சாத்தினாள், திறந்தது. மறுபடி சாத்தி மாவுத் தூக்கை அண்டக் கொடுத்தாள், தூக்கும் கதவோடு நகர்ந்து வந்தது. "ஏனுங்க, இந்தக் கதவுக்கு என்னமோ புடிச்சிருக்குதுங்க" என்றாள். சென்னிமலை செய்தியிலிருந்து கண்ணை எடுக்காமல், கீலுக்கு எண்ணெய் விடு என்றார்.

நாமக்கல்லைச் சுற்றியிருக்கும் பெரிய பள்ளிகளில் ஒன்று அந்த வருடம் பதினொன்றாம் வகுப்பு வணிகவியல் பிள்ளைகளுக்குக் கல்லூரி முதலாண்டுக் கணக்குப்பதிவியலையும் சேர்த்து நடத்தத் தொடங்கியிருந்தது. பள்ளியை விட்டு வரும்போதே பாதி ஆடிட்டர் என்று பைபாஸ் சாலையில் பலகை வைத்திருந்தார்கள். மீதிப் பாதி எங்கே கிடைக்கும் என்று யாரும் கேட்கவில்லை. புத்தகம் எத்தனை கனமென்றால், பள்ளி வேனில் மடியில் வைத்துக்கொண்டு வந்தால் இறங்கும்போது தனப்பிரியாவுக்குக் கால் மரத்திருக்கும். பாடம் எடுத்தவர் சேலத்திலிருந்து வந்துபோகும் நிகத் மிஸ். எந்தக் கொடுக்கல் வாங்கலுக்கும் இரண்டு கால் உண்டு, இடக்கால் பற்று, வலக்கால் வரவு, கடைசியில் இரு பக்கத்தையும் கூட்டிப் போடுவதுதான் இருப்பாய்வு, அது சமமாக நிற்கவில்லையென்றால் எங்கோ ஒரு காலை எழுதாமல் விட்டிருக்கிறீர்கள் என்று அவர் முதல் வாரமே சொல்லியிருந்தார். பிறகு, அவரவருக்குத் தெரிந்த ஒரு தொழிலுக்கு ஒரு வருடக் கணக்கு எழுதிவரச் சொன்னார். ஒருத்தி லாரிக்கு பாடி கட்டும் பட்டறையை எடுத்துக்கொண்டாள், தனப்பிரியா தங்கள் பண்ணையை எடுத்துக்கொண்டாள். எழுதிக் கூட்டிப் பார்த்தால் வலப்பக்கம் கனத்தது. சென்னிமலை வீட்டு வாசல் கிழக்குப் பார்த்தது, வலக்கைப் பக்கம் கொட்டகை. பிள்ளையின் தாளில் வரவு எவ்வளவு கூடியதோ அந்த அளவுக்கு வீடும் அந்தப் பக்கம் போயிற்று.

அவள் அழித்து எழுதினாள், வீடு இன்னும் கொஞ்சம் போயிற்று. புரட்டாசியில் கட்டில்கள் தாமாகத் தெற்குச் சுவரைப் போய்ச் சேர்ந்தன. கொத்தனார் தங்கசாமி வந்து ரசமட்டம் வைத்துப் பார்த்தார், தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தார், அஸ்திவாரத்தைச் சுற்றிப் பள்ளம் பறித்துப் பார்த்தார், காபியும் குடித்தார். "அஸ்திவாரம் கல்லாட்டம் இருக்குதுங்க. செவுத்துல ஒரு கீறல் கெடையாது. ஊடு சாயுதுங்கறது மட்டுந்தான் பிரச்சன" என்றார். அது மட்டுந்தானா என்று சென்னிமலை பல்லைக் கடித்தார். "அது மட்டுந்தானுங்க" என்ற தங்கசாமி, சவுக்குக் கட்டைகளை வாங்கிவந்து முட்டுக் கொடுத்தார். கட்டைகள் மண்ணில் இறங்கின. கொட்டகை மட்டும் அசையாமல் நேராக நின்றது, கோழிகள் வழக்கம்போல முட்டையிட்டன. கலைமணிக்குச் சோறு இறங்கவில்லை. மகள் கால்குலேட்டரைத் தட்டுகிற சத்தம் கேட்டாலே எழுந்துபோய்ச் சுவரில் கையை வைத்து நிற்பாள். "சாமி, இன்னைக்கு ஒரு நாளு தமிழ் படியேன்" என்று கெஞ்சுவாள். தமிழ் படித்த நாட்களில் வீடு சாயவில்லை என்பது அக்கம்பக்கம் அறிந்த விஷயம்.

எங்கே தப்பு என்பதை நிகத் மிஸ் தாளை வாங்கிப் பார்த்த உடனேயே சொல்லிவிட்டார். கொட்டகையிலிருந்து குறைந்த முட்டைக்கெல்லாம் வரவு எழுதியிருக்கிறாள். விற்றதற்குப் பற்று இருக்கிறது, மற்றதற்கு இல்லை. "இதெல்லாம் யாரும்மா எடுத்தது?" "யாரும் எடுக்கலைங்க மிஸ். ஊட்டுக்கு வந்துச்சு." "ஊட்டுக்கு நடந்து வந்துச்சா?" வகுப்பு சிரித்தது. தனப்பிரியா சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்தது, விருந்தாளிக்குப் போனது, ஊர்க்கூட்டத்துக்கு அட்டை அட்டையாகப் போனது எல்லாம் அப்பா கை காட்டிப் போனவை. பண்ணைக்காரர் வீட்டில் அதற்குக் கணக்கு கிடையாது. விற்ற முட்டைதான் முட்டை, வீட்டு முட்டை காற்றும் வெயிலும் மாதிரி. கணக்கில் தொழில் ஒரு ஆள், முதலாளி வேறொரு ஆள், அவர் பேரில் எடுப்பு என்று பற்று எழுது, முடிந்தது என்றார் மிஸ். அவருக்கு முடிந்துவிட்டது. முன்னொரு வருடம் ஓர் அட்டை முட்டையைக் கேட்காமல் கொண்டுபோன வேலையாளை அப்பா வாசலில் நிற்கவைத்துப் பேசிய பேச்சை தனப்பிரியா கேட்டிருந்தாள். அப்படிப் பேசிய அப்பாவின் பெயரையே எடுத்தவர் என்று எழுத அவளுக்குக் கை வரவில்லை.

அதனால் புத்தகத்தில் தேடி அனாமத்துக் கணக்கைக் கண்டுபிடித்தாள். யார் பேரில் எழுதுவதென்று தெரியாத வித்தியாசத்தைத் தற்காலிகமாகப் போட்டுவைக்கிற இடம் அது. அங்கே போட்டாள், இரண்டு பக்கமும் சமமாயிற்று, வீடு சாய்வதை நிறுத்திற்று. நிமிரவும் இல்லை. பாதி விழுந்த நிலையில், எந்தக் கட்டையும் தொடாமல், அப்படியே தொங்கிக்கொண்டு நின்றது. முன்பாவது ஒரு பக்கமாகப் பயந்தார்கள், இப்போது நாலு பக்கமும் பயந்தார்கள். தை முடியும்வரை அந்த வீட்டில் ஒருவரும் பலமாகத் தும்மவில்லை. சொந்தக்காரர்கள் வாசலோடு நலம் விசாரித்துப் போனார்கள். லாரி ஓட்டுநர்கள் அந்த இடத்தில் ஹாரன் அடிக்காமல் கடந்தார்கள்.

மாசியில் இறுதிக் கணக்கு எழுதும் பாடம் வந்தது. அனாமத்தைத் தீர்க்காமல் இறுதிக் கணக்கு எழுத முடியாது என்றார் நிகத் மிஸ். அதே வாரம் சென்னிமலையும் முடிவுக்கு வந்திருந்தார். "நாளைக்கு வந்து உம் பேரை எடுத்துடறேன். டவுன் பள்ளிக்கோடத்துல சும்மா கணக்கு படிச்சாப் போதும். ஊட்டைக் குடுத்துட்டு ஆடிட்டராக வேண்டாம்" என்றார். கலைமணி பாத்திரங்களை ஒவ்வொன்றாக வெளியே வேப்பமரத்தடியில் கொண்டுபோய் வைத்தாள். தனப்பிரியா அப்பா முன்னாலேயே தாளை விரித்து, எடுப்புக் கணக்கு பற்று, அனாமத்துக் கணக்கு வரவு என்று எழுதி, அடியில் சென்னிமலை என்று அவர் பெயரையும் எழுதினாள். வீடு ஒரு பெரிய வண்டி கியர் மாற்றுவதுபோல உறுமி, பாதி நிமிர்ந்து, அங்கேயே நின்றது.

"எடுப்பா? யாரு எடுத்தா?" என்றார் சென்னிமலை.

"நீங்கதானுங்கப்பா."

"எம் பண்ணைல நானு எடுத்தனா? அதுக்கு பேரு எடுக்கறதா?"

"பண்ணை வேற ஆளுங்கப்பா. நீங்க வேற ஆளு. அந்த ஆளுகிட்ட இருந்துதான் இத்தன வருசமா வாங்கித் தின்னுட்டு இருக்கறோம்."

அவர் கை ஓங்குவார் என்று தனப்பிரியா கண்ணை மூடிக்கொண்டாள். ஓங்கவில்லை. மகள் எழுதிய தாளை எட்டத்தில் பிடித்து வாசித்தார், கிட்டத்தில் பிடித்து வாசித்தார். மேலே உத்தரம் முனகிற்று. "நிமுந்த பாதியும் போயிருமாட்ட இருக்குதுங்க. ஒரு வார்த்தை சொல்லிப்போட்டுத்தான் வாங்களேன்" என்று வேப்பமரத்தடியிலிருந்து கலைமணி கத்தினாள். யாரிடம் சொல்வது என்று அவர் கேட்கவில்லை. சரிந்த தரையில் காலை ஊன்றி ஊன்றி இறங்கி, கொட்டகை வரைக்கும் நடந்தார். அதன் வாசலில் தோள் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். உள்ளே அத்தனை கோழியும் சத்தத்தை நிறுத்தின. "ஏனுங்க," என்றார் சென்னிமலை, தன் வயதுக்கு மூத்தவரிடம் பேசுகிற குரலில், "இத்தன நாளு கேக்காம எடுத்துப்போட்டனுங்க. மனசுல வெச்சுக்காதீங்க." கொட்டகை பதில் சொன்னதா என்பதைப் பற்றி ஊரில் இரண்டு கட்சி உண்டு. வீடு நிமிர்ந்ததைப் பற்றி ஒரே கட்சிதான். தங்கசாமி மறுநாள் வந்து தூக்குக்குண்டு விட்டுப் பார்த்துவிட்டு, கட்டும்போதுகூட இத்தனை நேராக இல்லை என்று சொல்லி, முட்டுக்கட்டைகளுக்குக் கூலி வாங்கிப்போனார்.

தனப்பிரியா அந்த வருடத் தேர்விலும் அடுத்த வருடத் தேர்விலும் தேறி, இப்போது கோயம்புத்தூரில் தங்கிப் படிக்கிறாள். வாரம் தவறாமல் கூப்பிட்டு, சாப்பிட்டீர்களா என்று கேட்பதற்கு முன்னால், சொல்லிவிட்டு எடுத்தீர்களா என்று கேட்கிறாள். அந்தப் பக்கம் கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறவர்கள் சென்னிமலைக்கு ஒன்றும் கொட்டகைக்கு ஒன்றுமாக, இரண்டு தட்டில் வெற்றிலை பாக்கோடு கொண்டுவருகிறார்கள். கொட்டகையின் பத்திரிகையைக் கம்பி வலையில் சொருகிவிட்டு, கண்டிப்பாக வந்துவிட வேண்டும் என்றும் சொல்லிப் போகிறார்கள். சென்ற வாரம் விருந்தாளி வந்த அவசரத்தில் சென்னிமலை நாலு முட்டையை மடியில் கட்டிக்கொண்டு நேராக உள்ளே வந்துவிட்டார். கலைமணி தோசைக்கல்லில் எண்ணெய் விட்டாள், எண்ணெய் தெற்கு ஓரமாக ஓடிப்போய் நின்றது. அவள் அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். அவர் துண்டை எடுத்துக்கொண்டு கொட்டகைப் பக்கம் போனார். எண்ணெய் நடுவுக்கு வந்தது, அவள் மாவை ஊற்றினாள்.