ஈயம் கலக்காத பெட்ரோல்

மேட்டின் பாதியில் வண்டி திணறியது. ஜெட்டு காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான். தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவது மாதிரி இன்ஜினுக்குள் ஒரு சத்தம். உடனே கிளட்சைப் பிடித்து, வண்டியைத் திருப்பி, சறுக்கிச் சறுக்கிக் கீழே இறக்கினான். அந்தச் சத்தத்தோடு இன்னும் இரண்டு மேடு ஏறியிருந்தால் பிஸ்டன் தலையில் ஓட்டை விழுந்திருக்கும்.

பட்டறை வாசலில் வண்டியை நிறுத்தி பிளக்கைக் கழற்றிப் பார்த்தான். வெளுத்துப்போயிருந்தது, பெட்ரோல் போதவில்லை. நீல டிரம் பெட்ரோலுக்கு இந்த ஜெட், கார்புரேட்டரில் பெட்ரோல் இறங்கும் துளைத் திருகு, சின்னது. இன்னும் பெரிய துளை உள்ளதைப் போட வேண்டும், தீப்பொறி விழும் நேரத்தையும் கொஞ்சம் பின்னுக்குத் தள்ள வேண்டும். கார்புரேட்டர் ஜெட்டை மாற்றி மாற்றியே அவனுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவன் மனைவியைப் பட்டறையில் எல்லோரும் ஜெட்டக்கா என்றார்கள். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் இரண்டு பேருமே திரும்பிப் பார்ப்பார்களா என்பது சந்தேகம்தான்.

மண்ணிலும் மேட்டிலும் பந்தயம் ஓடுகிற பைக்குகள் அவை. இந்த வருடம் முதலாளி எல்லா இன்ஜினிலும் கம்ப்ரஷனை ஏற்றச் சொல்லிவிட்டார். அத்தனை இறுக்கத்தில் சாதாரண பெட்ரோல் தாங்காது, நேரத்துக்கு முன்னாலேயே தானாக வெடித்துக்கொள்ளும். பந்தய பெட்ரோல்தான் ஊற்ற வேண்டும். அதில் இரண்டு வகை. சிவப்பு டிரம்மில் வருவது ஈயம் கலந்தது. போன வருடங்களிலும் அதுதான் ஓடியது. நீல டிரம்மில் வருவது ஈயம் கலக்காதது, புதுசு. "ரெண்டையும் ஓட்டிப் பாத்துட்டு எது வேணும்னு சொல்லு" என்று முதலாளி அவன் தலையில் கட்டிவிட்டுப் போயிருந்தார்.

உள்ளதைச் சொன்னால் யோசிக்க ஒன்றுமே இல்லை. சிவப்பை ஊற்றினால் இன்ஜின் சமத்தாகப் போகும். எந்தச் சூட்டிலும் முனகாது. நீலம் அப்படியில்லை. ஆயிரம் நொட்டை சொல்லும் மருமகப்பிள்ளை மாதிரி. ஜெட் மாற்று, நேரம் மாற்று, மூடியைத் திறந்து போட்டால் ஈரம் இழுத்துக்கொள்ளும். வேறொரு நாளாக இருந்தால் ஜெட்டு அன்றைக்கே சிவப்பு என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பான்.

ஆனால் பட்டறையின் பின்பக்கம், கழுவும் தொட்டியருகில் அவன் மனைவி உட்கார்ந்திருந்தாள். வண்டிகளின் கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவிப் பூட்டுவது அவள் வேலை. ஜெட்டின் துளை மயிரிழை அளவுதான் இருக்கும். அதை வாயில் வைத்து ஊதித்தான் அடைப்பு எடுப்பாள். காற்றுக் குழாயால் அடித்தால் ஜெட் எங்காவது பறந்துவிடும், வாய்தான் சரி என்று ஜெட்டுவேதான் அவளுக்குப் பழக்கினான். டேங்கில் மிஞ்சிய சிவப்பு பெட்ரோலைப் பட்டறையில் யாரும் கொட்டுவதில்லை. அதில் கார்புரேட்டரோ கையோ கழுவினால் கிரீஸ் நிமிடத்தில் போய்விடும், வாசனையும் மிட்டாய்க் கடை மாதிரி இருக்கும். மிஞ்சியதை முதலில் ஜெட்டக்காவுக்குக் கொடுத்துவிடுவார்கள், மரியாதைக்கு.

இரண்டு முறை வயிற்றில் தங்கிக் கலைந்துபோனது. இது மூன்றாவது. நான்காவது மாதம். போன வாரம் ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா அவள் கறுத்த நகக்கண்ணைப் பார்த்துவிட்டு என்ன வேலை என்று கேட்டார். சொன்னதும் தனியாக ரத்தம் எடுத்தார்கள். ரத்தத்தில் ஈயம் இருக்கிறதாம். "முதல்ல அந்த வேலைய விடுங்க. இந்தக் குழந்தையாவது நிக்கட்டும்" என்றார் நர்ஸம்மா.

அன்றைக்கு மாடி அறையில் இருவருக்கும் சோறு இறங்கவில்லை.

"விட்டுடு. நான் பாத்துக்கறேன்" என்றான் ஜெட்டு.

"விட்டுட்டு எங்க போறது? இந்த ரூமு நம்ம ரெண்டு பேரு வேலைக்குத்தானே குடுத்தாரு. சீட்டு தைக்கிற அக்காவுக்கு நடந்தது மறந்துபோச்சா?"

மறக்கவில்லை. வண்டி சீட்டு தைத்த பெண் முழுகாமல் இருப்பது தெரிந்ததும் முதலாளியே மாடி ஏறி வந்து, ஒரு பை நிறைய ஆப்பிள் கொடுத்து, "நல்லா ரெஸ்ட் எடும்மா" என்று சொல்லிவிட்டு அறைச் சாவியை வாங்கிக்கொண்டு போனார். கெட்ட மனுஷன் என்று அவரைச் சொல்லிவிட முடியாது. ஆப்பிள் நல்ல ஆப்பிள்தான்.

"கையுறை போட்டுக்கறேன்" என்றாள். போட்டும் பார்த்தாள். ரப்பர் பெட்ரோலில் ஊறி உப்பி, விரலை விட்டுக் கழன்று தொட்டியில் மிதந்தது. ஜெட்டை வாயால் ஊதுவதை மட்டும் விட்டாள்.

"வயித்தை எத்தனை நாளைக்கு மறைப்ப?" என்று இன்னொரு ராத்திரி கேட்டான்.

"மறைக்கிற வரைக்கும். அந்த ஈயம் இல்லாத பெட்ரோல் வந்திருக்குன்னு சொன்னீங்களே, அதுக்கே மாறிட்டா?"

அதுதான். நீலம் வந்துவிட்டால் மிஞ்சுவதும் நீலம், கழுவுவதும் நீலம். அதுவும் பெட்ரோல்தான், பன்னீர் இல்லை. ஆனாலும் ஈயம் இல்லையே. அவள் இருந்த இடத்திலேயே இருக்கலாம், அறையும் இருக்கும். எப்பாடுபட்டாவது நீலத்தை ஓடவைத்துவிடுவது என்று ஜெட்டு முடிவு கட்டினான்.

ஓடவைத்தான். ஜெட்டை மாற்றினான், கார்புரேட்டர் ஊசியை ஏற்றினான், பிளக்கை மாற்றினான், மேட்டில் ஏறினான், இறங்கினான். ஒரு நாள் சாயங்காலம் வண்டி முனகாமல் உச்சிக்குப் போய் நின்றது. பிளக் நல்ல பழுப்பில் இருந்தது. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய் மனைவியிடம் காட்டினான். அவள் அதைத் தங்கக் காசு மாதிரி வாங்கிப் பார்த்தாள்.

மறுநாள் முதலாளி வந்தார். மேட்டடியில் நின்று இரண்டு பெட்ரோலிலும் ஓட்டச் சொல்லிப் பார்த்தார். அவரும் ஒரு காலத்தில் வண்டி ஓட்டியவர். அவர் காதில் பூச்சுற்ற முடியாது.

"சிவப்புதான் ஒரு பிடி கூட இழுக்குது. வேலையும் இல்ல. நீ எதுக்கு நீலத்தைக் கட்டிக்கிட்டு அழற?"

"போகப் போக இதுவும் இழுக்குங்கய்யா."

"போகப் போகன்னா பந்தயத்துல எவன் நமக்காக நிப்பான்?" என்று அவர் செருப்பு மண்ணைத் தட்டினார். "சிவப்பே இருக்கட்டும். வருஷம் முழுக்க வர்ற மாதிரி வாங்கிப் போட்டாச்சு வேற."

இது ஜெட்டுவுக்குத் தெரியாது. மனைவியைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் மாடிக்கு ஆப்பிள் வந்துவிடும். என்ன சொல்லலாம் என்று தடுமாறியபோது, முதலாளியின் பேத்தி நிறுத்தி வைத்திருந்த வண்டியின் டேங்கைக் கட்டிக்கொண்டு நிற்பது கண்ணில் பட்டது.

"ஐயா, சிவப்புல ஈயம் இருக்குங்க. அது உடம்புல ஏறினா சின்னப் பிள்ளைங்களுக்கு ஆகாதாம். ஆஸ்பத்திரியில சொல்லிக்கிட்டாங்க. பாப்பா தினமும் வண்டி பக்கத்துலயே நிக்குது, அதான்."

முதலாளி முகம் மாறிவிட்டது. போய்ப் பேத்தியை அள்ளித் தூக்கினார். "இதை இத்தனை நாளா ஏம்ப்பா சொல்லல?" என்றார். "இனிமே எந்த வண்டியிலயும் சிவப்பு ஒரு சொட்டு விழக் கூடாது. நீலத்தையே ஊத்து. பந்தயம் தோத்தாலும் தோத்துட்டுப் போகுது."

ஜெட்டுவுக்கு அவர் காலில் விழலாம் போலிருந்தது. அடுத்த வீட்டுப் பிள்ளையைக் காட்டித் தன் பிள்ளையைக் காப்பாற்றிக்கொண்டோமே என்று கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது. பொய் ஒன்றும் சொல்லவில்லையே என்று தேற்றிக்கொண்டான். அன்றைக்கு மாடி அறையில் இரண்டு பேரும் நன்றாகச் சாப்பிட்டார்கள்.

காலையில் இறங்கி வந்தபோது முதலாளி அவனுக்கு முன்னாலேயே வந்திருந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் வெள்ளை பெயிண்ட்டும் பிரஷ்ஷுமாக ஒரு சிவப்பு டிரம்மின் முன்னால் குந்தியிருந்தார்.

"வித்தவன் திருப்பி எடுக்க மாட்டேங்கறான்" என்றார் நிமிராமல். "கொட்டவா முடியும்? எல்லா டிரம்மையும் பின்னாடி கழுவுற இடத்துக்குத் தள்ளிடு. பாப்பா அந்தப் பக்கம் வராது. பார்ட்ஸ் கழுவ ரெண்டு வருஷத்துக்கு ஆகும்."

"கழுவறதுக்கு மண்ணெண்ணெய் போதுங்கய்யா."

"மண்ணெண்ணெய்க்குத் தனியா காசு குடுக்கணுமா? இது சும்மா கெடக்கு."

"இல்லய்யா, கழுவறவங்களுக்கும்..."

"பெரியவங்களுக்கு என்ன ஆகப் போகுது? இத்தனை வருஷமா கழுவலையா?" முதலாளி எழுதுவதை நிறுத்திவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தார். "ஏன், வேற எதாவது இருக்கா?"

ஜெட்டு மாடியைப் பார்த்தான். அறைக் கொடியில் அவள் துவைத்துப் போட்ட துணி காய்ந்துகொண்டிருந்தது.

"ஒண்ணும் இல்லங்கய்யா."

டிரம்மைச் சாய்த்து, விளிம்பில் நிறுத்தி, இரண்டு கையாலும் உருட்டிக்கொண்டு போனான். உள்ளே பெட்ரோல் தளும்பியது. பெயிண்ட் காயாததால் உள்ளங்கையில் வெள்ளை ஒட்டிக்கொண்டது. தொட்டியருகில் அவள் கார்புரேட்டரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். டிரம்மைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு எழுந்து, முக்காலியைச் சுவரோரம் இழுத்துப்போட்டு, டிரம்முக்கு இடம் விட்டாள்.

அவன் அதை நிமிர்த்தி வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கப் போனான். எழுத்து அவள் பக்கம் பார்த்து இருந்தது. பெரிய வெள்ளை எழுத்து, கொஞ்சம் கலைந்திருந்தாலும் படிக்க முடிந்தது: குழந்தைகள் அருகில் வரக் கூடாது. அவள் எழுத்துக்கு அடியில் கிண்ணத்தை வைத்து டிரம்மின் குழாயைத் திறந்தாள்.