பாலம் டேப்பில் ஒரு கறை

ஞாயிற்றுக்கிழமை வந்தால் அண்ணியின் தையல் மெஷின் வாயைத் திறக்கக்கூடாது. கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அதுதான் சட்டம். மற்ற வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை துணி துவைப்பார்கள், தூங்குவார்கள், சொந்தக்காரர்களைப் பற்றிப் புறணி பேசுவார்கள். இந்த வீட்டு முன்னறையில் மட்டும் நான்கு ஆண்கள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து, டேப் ரெக்கார்டரில் ரயில் ஓடும் சத்தத்தைக் கேட்பார்கள். "ஸ்டேஷன் கூப்பிடு தூரத்துலதானே இருக்கு, போய் நிஜ ரயிலையே கேக்கலாமே?" என்று அவள் ஆரம்பத்தில் ஒருமுறை கேட்டாள். நான்கு பேரும் பார்த்த பார்வையில் அதற்கப்புறம் அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

டேப்புகளையெல்லாம் எடுத்தவர் அவள் கணவர். தபால் ஆபீஸில் கடிதம் பிரிக்கிற வேலை. லீவு கிடைத்தால் போதும், ரெக்கார்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். லெவல் கிராசிங், சுரங்கப் பாதை, ஏற்றத்தில் இன்ஜின் மூச்சு வாங்குகிற இடம் எல்லாம் அவருக்கு அத்துப்படி. வீட்டில் எண்ணெய் தீர்ந்துபோனது தெரியாது. எந்த வண்டிக்கு எந்த இன்ஜினை மாற்றியிருக்கிறார்கள் என்பது தெரியும். நண்பர்கள் அவரை அண்ணன் என்று கூப்பிட்டார்கள். அதனால் அவள் அண்ணி. போகப்போகத் தெருவுக்கே அண்ணியாகிவிட்டாள்.

வருகிறவர்கள் மூன்று பேர். கடைத்தெருவில் மருந்துக்கடை வைத்திருப்பவர் ஒருவர், கூட்டங்களுக்கு மைக் செட் வாடகைக்கு விடுபவர் ஒருவர், கணக்கு வாத்தியார் ஒருவர். டேப் முடிந்து டீ வந்ததும் பேச்சு களைகட்டும். மருந்துக்கடைக்காரரின் மருமகன் மறுபடியும் வேலையை விட்டது, வாத்தியாரின் முட்டி வலி, மைக் செட்காரரின் மாமியார் வந்தவர் திரும்பிப் போகாமலே இருப்பது, எல்லாம் ஒரு சுற்று வரும். எங்கே சுற்றினாலும் கடைசியில் சின்ன வயதில்தான் வந்து நிற்கும். வாத்தியார் தன் அம்மாவின் புதுப் பச்சைத் துணியைக் கிழித்து ரயில் கார்டின் கொடியாக்கி உதை வாங்கியவர். மைக் செட்காரர் ரயில் ஜன்னல் கம்பியை நக்கிப் பார்த்தவர். "இரும்பும் கரியும் கலந்த மாதிரி ஒரு ருசி அண்ணே, இன்னும் நாக்குலயே நிக்குது" என்பார். நாக்கைக்கூட நீட்டிக் காட்டுவார்.

இதில் மருந்துக்கடைக்காரர் கதைதான் பெரிய கதை.

"எனக்கு நாலு வயசு. எங்கப்பா தோள்ல தூக்கி வெச்சிருக்காரு. தூரத்துல புகை தெரியுது. நான் 'ரயிலு, ரயிலு'ன்னு கத்தறேன் பாருங்க, தொண்டையே கட்டிப் போச்சு. வீட்டுக்கு வந்தா பேச்சே வரல. அந்தக் கத்தல் இன்னும் என் காதுல இருக்கு" என்று சொல்லிக் கண் கலங்குவார்.

வருஷத்துக்கு வருஷம் அந்தப் புகை பெரிதாகிக்கொண்டே போனது. டீ கிளாஸ் எடுக்க வருகிற சாக்கில் அண்ணியும் நின்று கேட்பாள். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகத்தான் சொல்வார். எத்தனை முறை கேட்டாலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும்.

அவர்களிடம் இருந்ததிலேயே உசத்தி பாலம் டேப்தான். ஆற்றுப் பாலத்தின் மேல் ஒரு நீராவி இன்ஜின் விசில் ஊதிக்கொண்டு போகிற சத்தம். அந்த இன்ஜின் அந்தப் பாலத்தில் ஓடியதை வேறு யாரும் பதிவு செய்யவில்லை என்று வெளியூரிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து கேட்டுவிட்டுப் போவார்கள். கேட்டுவிட்டு எல்லோரும் ஒரே மாதிரி உச்சுக் கொட்டுவார்கள். அந்த டேப்பில் ஒரு கறை இருந்தது.

அந்தச் சத்தத்தைப் பதிவு செய்யப் போன அன்றைக்கு மட்டும் அவர் அண்ணியையும் மகளையும் கூட்டிக்கொண்டு போயிருந்தார். மகளுக்கு வீட்டில் வாயாடி என்றே பெயர். தூங்குகிற நேரம் தவிர வாய் ஓயாது. தூக்கத்திலும் கொஞ்சம் பேசும். அண்ணி ரெக்கார்டர் மேல் வெயில் படாமல் குடை பிடித்துக்கொண்டு ஆற்றோரப் புல்லில் உட்கார்ந்திருந்தாள். வண்டி வரும்போது மூச்சு விடக்கூடாது என்று அவர் குழந்தையிடம் சத்தியம் வாங்கியிருந்தார். இன்ஜின் பாலத்தில் ஏறி விசில் ஊதியதும் சத்தியமாவது ஒன்றாவது, குழந்தை துள்ளிக் குதித்துக் கத்தியது.

"அம்மா! நம்மளப் பாத்துடுச்சு!"

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு "ஷ்ஷ்" என்றார். அதற்கும் அடங்காமல், ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு, அக்கரைக்கே கேட்கிற குரலில் அது மறுபடியும் சொன்னது. "பாத்துடுச்சும்மா." எல்லாம் டேப்பில் ஏறிவிட்டது. வீடு வந்து சேரும்வரை அவர் குழந்தைக்கு முகம் கொடுக்கவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து குழந்தை போய்விட்டாள். மருந்துக்கடைக்காரர் கடையைப் பாதியில் சாத்திவிட்டு மருந்தோடு ஓடி வந்தார். எந்த மருந்துக்கும் காய்ச்சல் கேட்கவில்லை. வீட்டில் அவள் போட்டோ இரண்டு இருந்தது. அசையாதே என்று போட்டோக்காரர் மிரட்டியதால் இரண்டிலும் வாயை இறுக்க மூடிக்கொண்டு நின்றாள். வாயை மூடிய வாயாடியை அண்ணிக்கு அடையாளமே தெரியவில்லை. அவள் மகள் என்று மிச்சம் இருந்தது அந்த டேப்பில் கிடந்த குரல் ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பாலம் டேப் போட்டால் அண்ணி கை வேலையை விட்டுவிட்டுச் சமையலறை வாசலுக்கு வந்து நிற்பாள். முடிந்ததும் உள்ளே போய்விடுவாள். யாரும் எதுவும் கேட்டதில்லை. சில வருஷம் போனபின் மருந்துக்கடைக்காரர்தான் ஆரம்பித்தார்.

"அண்ணே, அந்த இடத்தை மட்டும் எப்படியாவது எடுத்துட்டா இது எங்கயோ போயிடும்ணே."

"இருக்கட்டும்" என்றார் அவள் கணவர்.

எத்தனை பேர் எத்தனை முறை கேட்டாலும் அந்த ஒரே வார்த்தைதான். அண்ணியிடமும் அவர் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. குழந்தையை "ஷ்ஷ்" என்று அடக்கியதற்காக அவரை அவள் கடைசிவரை மன்னிக்கவில்லை. "இருக்கட்டும்" என்று சொன்னதற்காக அவரோடு கடைசிவரை குடித்தனம் நடத்தினாள்.

அவர் போனது மாரடைப்பில். அதற்கப்புறம் கூட்டம் மைக் செட்காரர் கடைக்கு மாறியது. முன்னறை காலியானது. ஞாயிற்றுக்கிழமையும் மெஷின் ஓட்டலாம் என்று ஆனபிறகு அண்ணிக்கு ஓட்டப் பிடிக்கவில்லை. பள்ளிக்கூட யூனிஃபார்ம்களைத் தள்ளி வைத்துவிட்டு பாலம் டேப்பைப் போட்டுக் கேட்பாள். ஒரு நாள் டேப் இழுத்தது. குழந்தையின் குரல் கட்டைக் குரலாகி, யாரோ ஆம்பளை பேசுகிற மாதிரி வந்தது. அண்ணி சட்டென்று டேப்பை நிறுத்தினாள். டேப்பைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அப்போதே மைக் செட் கடைக்குப் போனாள்.

"இதைப் பத்திரமா கம்ப்யூட்டர்ல மாத்திக் குடுங்க தம்பி. எனக்கு ஆயுசுக்கும் வேணும்."

"பாலம் டேப்பா! அண்ணி, இது எங்க உசிரு. என் கண்ணு மாதிரி பாத்துக்கறேன், நீங்க நிம்மதியா போங்க."

குழந்தையின் குரலுக்காகக் கேட்கிறேன் என்று அவள் சொல்லவில்லை. அதை வாய் விட்டு வேறு சொல்ல வேண்டுமா? அவர்களுக்குத் தெரியாததா?

அவள் கேட்கும்போதெல்லாம் மைக் செட்காரர் பிடி கொடுக்காமல் சிரித்தார். "அண்ணனோட நினைவு நாள் அன்னிக்குக் கேளுங்க. அசந்து போயிடுவீங்க." அவளும் பொறுத்துக்கொண்டாள். அந்தச் சில மாதங்கள் டேப் இல்லாமல் கழித்தது அவளுக்குத்தான் தெரியும். மெஷின் ஓட்டும்போது வாய்க்குள்ளேயே அந்த வார்த்தைகளைச் சொல்லிப் பார்த்துக்கொள்வாள், மறந்துவிடுமோ என்று பயந்து.

நினைவு நாள் கூட்டம் நூலகத்து மாடியில். வெளியூர் ரயில் பைத்தியங்களெல்லாம் வந்திருந்தார்கள். அண்ணி இருப்பதிலேயே நல்ல உடையை உடுத்திக்கொண்டு, தலையை இரண்டு தடவை வாரிக்கொண்டு, பெண்ணை ஸ்டேஷனிலிருந்து அழைத்துவரப் போகிறவள் மாதிரி சீக்கிரமே போய் முதல் வரிசையில் உட்கார்ந்தாள். மைக் பிடித்தவர்களெல்லாம் அண்ணனைப் பற்றி ஒரு வரியும் தங்கள் சின்ன வயதைப் பற்றி ஒன்பது வரியும் பேசினார்கள். மருந்துக்கடைக்காரர் "ரயிலு, ரயிலு" என்று மைக்கில் கத்திக் காட்டினார். கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை உயர்த்தினார்.

"இப்ப பாலம் டேப். தயவு செஞ்சு யாரும் இருமக்கூடாது. குண்டூசி விழுந்தாக் கேக்கணும்."

பெரிய பெரிய ஒலிபெருக்கிகளில் ஆற்றங்கரைக் காற்று வந்தது. தூரத்தில் தடதடப்பு. அண்ணியின் கை தானாகக் குடைக் கம்பைப் பிடிப்பதுபோல் மடங்கியது. வண்டி பாலத்தில் ஏறியது, இரும்பு அதிர்ந்தது. விசில். அண்ணி நாற்காலி நுனிக்கு வந்தாள்.

விசில் ஓய்ந்தது. சக்கரங்கள் ஓடின. வெறும் சக்கரங்கள். இன்னும் வரவில்லை போலிருக்கிறது, நான்தான் அவசரப்படுகிறேன் என்று நினைத்தாள். சக்கரங்கள் பாலத்தைக் கடந்து, தேய்ந்து, காற்றோடு போய்விட்டன. அரங்கமே எழுந்து நின்று கை தட்டியது.

மருந்துக்கடைக்காரர் முகமெல்லாம் பல்லாக அவளிடம் வந்து குனிந்தார். "பாத்தீங்களா அண்ணி? கறை போயே போச்சு. அண்ணன் இருந்து கேட்டிருக்கணும்."

"கொழந்தை எங்க?" என்றாள் அண்ணி.

அவருக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்ததும் முகத்தில் ஈயாடவில்லை. பின்னாலேயே வந்த மைக் செட்காரர் இன்னும் புரியாமல் பெருமையாகச் சொன்னார். "ராத்திரி பகலா உக்காந்து எடுத்தேன் அண்ணி. இஞ்சு இஞ்சா. ஒரு பிசிறு இருக்காது."

"எடுக்காத காப்பி ஒண்ணு இருக்குமில்ல தம்பி?"

"கம்ப்யூட்டர்ல ஏத்தின ஒரே காப்பியிலதானே அண்ணி வேலை பாத்தேன். அதுமேலயே சேவ் பண்ணிட்டேன். டேப்பு அந்த ஒரு தடவை ஓடினதோட சரி, பொடிப் பொடியா உதிர்ந்துடுச்சு. குப்பையில போட்டுட்டேன்."

மருந்துக்கடைக்காரர் தொண்டையைச் செருமினார்.

"அது பாப்பா கொரல்னு எனக்குத் தெரியாதா அண்ணி? நீங்க அதைக் கேட்டுக் கேட்டு மனசு ஒடைஞ்சு போறீங்களேன்னுதான் எடுக்கச் சொன்னேன். உங்க நல்லதுக்குத்தான்."

அந்தக் காரணம் அந்த நிமிஷத்தில்தான் பிறந்தது என்பது அவர் கண்ணிலேயே எழுதி ஒட்டியிருந்தது. அவர் அப்பா தோளில் உட்கார்ந்து கத்திய கத்தலுக்குக் காலமெல்லாம் டீ போட்டுக் கொடுத்தவள் அண்ணி.

"நீங்க நாலு வயசுல கத்தினா அது ஞாபகம். எம்பொண்ணு கத்தினா அது கறை. அப்படித்தானே?"

அவர் பதில் சொல்வதற்குள் வாசலில் சலசலப்பு. சிறப்பு விருந்தினரான ரயில்வே அதிகாரி, ரயில் லேட் என்று சொல்லிக்கொண்டு லேட்டாக வந்து சேர்ந்தார். இரண்டு பேரும் தப்பித்தோம் பிழைத்தோம் என்று அவரைப் பார்த்து ஓடினார்கள். அண்ணியின் பக்கத்து நாற்காலியில் அவரை உட்கார வைத்தார்கள். அவருக்காகப் பாலம் டேப்பை இன்னொரு முறை போடப்போவதாக மருந்துக்கடைக்காரர் அறிவித்தார். அண்ணியின் பக்கம் அவர் திரும்பவே இல்லை. மறுபடியும் யாரும் இருமக்கூடாது என்றார்.

எழுந்து போய்விடலாமா என்று அண்ணி ஒரு கணம் யோசித்தாள். போய் என்ன செய்வது? வீட்டில் வாயை மூடிய இரண்டு போட்டோ இருக்கிறது.

காற்று வந்தது. தடதடப்பு வந்தது. வண்டி பாலத்தில் ஏறியது. இந்த இடம் அவளுக்கு அவர்கள் எல்லோரையும் விட நன்றாகத் தெரியும். விசில் ஊதியதும் அண்ணி எழுந்து நின்றாள்.

"அம்மா! நம்மளப் பாத்துடுச்சு!"

வயதான தொண்டை, பாதியில் கிழிந்துவிட்டது. இருந்தாலும் ஒலிபெருக்கியைத் தாண்டிக்கொண்டு போனது. ரயில்வே அதிகாரி நாற்காலியோடு நகர்ந்தார். அரங்கம் மொத்தமும் அவளைத் திரும்பிப் பார்த்தது. முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசை வரைக்கும் அத்தனை பேரும் உதட்டில் விரலை வைத்து "ஷ்ஷ்" என்றார்கள். அதில் மருந்துக்கடைக்காரர் குரல் தனியாகக் கேட்டது.

வாயாடி அன்றைக்கும் இதற்கு அடங்கவில்லை. சக்கரங்கள் இன்னும் பாலத்தின் மேல்தான் ஓடிக்கொண்டிருந்தன. அண்ணி உட்காரவில்லை. ரகசியம் மாதிரி, ஆனால் கடைசி வரிசைக்கும் கேட்கிற குரலில், மிச்சத்தையும் சொன்னாள்.

"பாத்துடுச்சும்மா."